படத்திலிருந்து துடைக்கப்படும் வானம்

விண்மீன் கொத்து ஒன்றின் படம் பகிரப்படும்போது அதன் பின்புலம் எப்போதும் கருப்பாகவே இருக்கிறது. படம் எடுத்த இடம் கோழிஞ்சாம்பாறையோ, வேலந்தாவளமோ, மலைமேல் ராமக்கல்மேடோ, அந்தக் கருப்பில் மட்டும் வேறுபாடு இருப்பதில்லை. அந்த ஊர்களில் இரவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வானம் கருப்பாக இல்லை என்று. அது சாம்பல் நிறம். சில திசைகளில் வெளிறிய ஆரஞ்சு. அண்மைக் காலமாக நீலம் கலந்த வெண்மை. கேமராவும் அதை அப்படியேதான் பதிவு செய்கிறது. பிறகு கணினியில் பின்புலச் சாய்வை நீக்கும் மென்பொருள் ஒரு சொடுக்கில் அந்தச் சாம்பலைத் துடைத்துவிடுகிறது. துடைக்கப்பட்டது குப்பை என்றே படம் எடுத்தவர் கருதுகிறார். அது குப்பை அன்று. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரத்தில் இரவு எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதற்குச் சாதாரண மக்கள் கையில் இருக்கக்கூடிய மிக மலிவான சான்று அதுதான். அதைத் துடைக்கும் முன் ஒரு படி எடுத்து வைக்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் கொத்துகளைப் பற்றி. ஒரே வாயு மேகத்திலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, தம் ஈர்ப்பால் தளர்வாகப் பிணைந்து, பல கோடி ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பிரிந்து போகும் விண்மீன்களின் கூட்டமே திறந்த கொத்து. (‘திறந்த’ என்ற அடைமொழி ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்க்கப்பட்டது. எதைத் திறந்து வைத்திருக்கிறது என்று முதலாண்டு மாணவர் கேட்டால் ஆசிரியரிடம் விடை இராது. ‘தளர்கொத்து’ என்றிருந்தால் பொருளும் விளங்கியிருக்கும். ஆனால் சொல் நிலைத்துவிட்டது.) கார்த்திகை எனப்படும் எம்45, பூச நட்சத்திரப் பகுதியில் உள்ள எம்44, ரோகிணியின் பின்னணியில் வி வடிவில் பரந்திருக்கும் ஹையடிஸ் ஆகிய மூன்றும் இத்தகையவை. ரோகிணி விண்மீன் அந்தக் கொத்தைச் சேர்ந்ததன்று. வழியில் குறுக்கே நிற்கிறது, அவ்வளவே. 1610இல் கலிலியோ தம் தொலைநோக்கியால் பார்த்துக் கார்த்திகையில் 36 விண்மீன்களை வரைந்தார். 1767இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், இத்தனை ஒளிமிக்க விண்மீன்கள் தற்செயலாக இவ்வளவு நெருங்கி அமைய ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்று கணக்கிட்டு, இவை உண்மையிலேயே ஒரு குடும்பம் என்றார். இன்று கார்த்திகையின் தொலைவு சுமார் 440 ஒளியாண்டு என்றும், உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும் என்றும் அறியப்பட்டுள்ளது.

ஒளி மாசு மிகுந்த ஊரில் இருப்பவர் வானில் எதையாவது படம் எடுக்க விரும்பினால் அவருக்கு ஏற்ற பொருள் திறந்த கொத்துதான். காரணம் எளிது. விண்மீன் ஒரு புள்ளி. அதன் ஒளி முழுவதும் உணரியின் சில படப்புள்ளிகளிலேயே விழுகிறது. தெருவிளக்கால் வெளிறிய வானமோ எல்லாப் படப்புள்ளிகளிலும் பரவி விழுகிறது. 135 மி.மீ. லென்ஸும் 4 மைக்ரான் படப்புள்ளியும் கொண்ட கேமராவில் ஒரு படப்புள்ளி வானத்தில் ஏறத்தாழ 6 வில்விநாடி அகலத்தைக் காட்டும். ஒரு விண்மீன் மூன்றுக்கு மூன்று படப்புள்ளிகளில் விழுகிறது என்று கொண்டால், நகரின் விளிம்பில் உள்ள வானம் அந்தக் கட்டத்துக்குள் கொட்டும் ஒளி 12ஆம் பொலிவெண் விண்மீன் ஒன்றின் ஒளிக்குச் சமம். (பொலிவெண் கூடக் கூட விண்மீன் மங்கல்.) 9ஆம் பொலிவெண் விண்மீன் அதைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் பொலிவானது; ஆகவே அது தப்பிப் பிழைக்கும். வெறும் கண்ணுக்கு எட்டாத நூற்றுக்கணக்கான கொத்து விண்மீன்கள் இவ்வாறு படத்தில் தப்பிப் பிழைக்கின்றன. கார்த்திகையைச் சூழ்ந்துள்ள நீலத் தூசு மேகம் தப்பாது. அது புள்ளி அன்று, பரப்பு. அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பொலிவான மற்றொரு பரப்பு அதன் மேல் விரிக்கப்பட்டுள்ளது. (அந்தத் தூசு கொத்தின் பிறப்பில் எஞ்சியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது, கொத்து தன் போக்கில் கடந்து செல்லும் வேறொரு மேகம் என்பதே இன்றைய முடிவு.)

இரவு வானம் 16 மடங்கு பொலிவானால் அதனால் எழும் இரைச்சல் 4 மடங்காகும். அதை ஈடுகட்ட மொத்தப் பதிவு நேரம் 16 மடங்காக வேண்டும். இருண்ட மலையில் பத்து நிமிடத்தில் கிடைக்கும் மங்கலான விண்மீனுக்கு ஊர் விளிம்பில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் தேவை. ஆகவே நூற்றுக்கணக்கான சிறு பதிவுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். பொறுமையைக் கோரும் வேலை. ஆனால் பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அன்று. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும், 50 அல்லது 135 மி.மீ. லென்ஸும், வான் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவை மெல்லத் திருப்பும் டிராக்கர் ஒன்றும் போதும். 135 மி.மீ. லென்ஸின் சட்டகம் ஏறத்தாழ பத்துப் பாகை அகலம். அதற்குள் பூசக் கொத்தும் அதன் தெற்கே உள்ள எம்67உம் சேர்ந்தே அடங்கும். முன்னதன் வயது சுமார் அறுபது, எழுபது கோடி ஆண்டு. பின்னது சூரியனுக்கு ஏறத்தாழ ஒத்த வயதுடையது, நானூறு கோடி ஆண்டு. பெரிய தொலைநோக்கியின் குறுகிய புலத்தில் இந்த இரண்டு தலைமுறைகளும் ஒருசேரத் தெரியா.

இனி இடத்தைப் பற்றி. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. கோழிஞ்சாம்பாறையில் நின்றால் வடக்கு வடகிழக்கில் கோயம்புத்தூர், கிழக்கில் பொள்ளாச்சி, மேற்கில் பாலக்காடு, வடமேற்கில் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை என்று நான்கு ஒளிக் குவியல்கள். தெற்கே மட்டும் நெல்லியாம்பதியும் பறம்பிக்குளமும். அங்கே காடு, காட்டுக்கு மேலே இருள். இதிலிருந்து இரண்டு விளைவுகள். முதலாவது இடைஞ்சல்: டிராக்கரைத் துருவ மீனை நோக்கி நிறுத்த வேண்டும், இந்த அட்சரேகையில் துருவ மீன் தொடுவானிலிருந்து பத்தரைப் பாகை உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே அது கோவையின் ஒளிப்படலத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் எழுதும் கையேடுகளில் ஒரு வரியில் முடிந்துவிடும் வேலை, இங்கே அரை மணி நேரத்தை விழுங்குகிறது. வடக்கே மலை மறைக்கும் இடுக்கியின் பல ஊர்களில் துருவ மீன் தெரிவதே இல்லை. அங்கே கைபேசியின் திசைகாட்டியும் ஊகமும்தான் துணை.

இரண்டாவது விளைவு வரம். அதை இப்பகுதியினர் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை. இருண்ட திசை தெற்கு. வடக்கத்திய கையேடுகள் பேசாத கொத்துகள் அந்தத் தெற்கில்தான் உள்ளன. கரினா விண்மீன் குழுவில் உள்ள என்ஜிசி 3532 இங்கே உச்சத்தில் ஏறத்தாழ 21 பாகை உயரம் ஏறுகிறது. தெற்குக் கார்த்திகை என்று சொல்லத்தக்க ஐசி 2602 பதினைந்து பாகை. நெல்லியாம்பதி மலைகள் மறைப்பது அடித்தொடுவானில் சில பாகைகளை மட்டுமே. 1990 மே 20 அன்று ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி முதன்முதலாகப் படம் எடுத்தது இந்த என்ஜிசி 3532இன் ஒரு பகுதியைத்தான். இலண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ அதை ஒருபோதும் பார்க்க முடியாது. சித்தூர் வயல் வரப்பிலிருந்து மார்ச் மாத இரவில் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வானை மூடிவிடுவதால் விருச்சிகத்தின் வாலருகே உள்ள எம்6, எம்7 ஆகியவற்றை மாலை நேரத்தில் எடுப்பது அரிது. ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விடியலுக்கு முன் அவையும் அதே தெற்கில் எழுந்து நிற்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான தெளிந்த பருவம் முழுவதும் கொத்துகளின் பருவமே.

இடுக்கியின் எல்லை வேறுவிதமானது. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கத்திலிருந்து மெல்ல உயர்ந்து தமிழகப் பக்கம் செங்குத்தாக விழுகிறது. ராமக்கல்மேட்டிலோ சதுரங்கப்பாறையிலோ நிற்பவரின் காலடியில் கம்பம் பள்ளத்தாக்கு. இரவில் அது விளக்குகளாலான வரைபடம். கார்த்திகை எழுவது அந்த விளக்குகளுக்கு மேலேதான். உயரமான மலை என்பதால் வானம் இருண்டிருக்கும் என்று சமவெளியிலிருந்து கருவிகளோடு ஏறி வருவோர், கிழக்கே பள்ளத்தாக்கின் ஒளியையும் மேற்கே ஏலக்காட்டு மூடுபனியையும் கண்டு திகைக்கிறார்கள். அந்த மூடுபனி கீழிருந்து வரும் வெளிச்சத்தை வாங்கித் தானே ஒரு விளக்காகிவிடும். மழை மறைவுப் பகுதியான மறையூர், சின்னாறு பக்கம் நிலைமை மேல். சின்னாற்றில் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மி.மீ. மழைதான், ஆகவே தெளிந்த இரவுகள் அதிகம். ஆனால் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். இரவில் முக்காலியை நட்டுக்கொண்டு நிற்கும் இடம் அன்று.

இப்பகுதி மக்களின் நாவில் இந்தக் கொத்துகளின் பெயர்கள் அன்றாடம் வழங்குகின்றன. சங்கப் பாடல்களில் கார்த்திகைக்கு அறுமீன் என்ற பெயர் உண்டு. பெயராய்வு செய்வோர் இதை முருகனின் தாய்மாரோடு இணைத்து விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குள் ஓர் அளவையும் இருக்கிறது. கார்த்திகையின் ஆறாவது பொலிவான விண்மீனின் பொலிவெண் 4.3. ஆறையும் வெறும் கண்ணால் எண்ண வேண்டுமானால் வானம் குறைந்தது அந்த அளவுக்காவது இருண்டிருக்க வேண்டும். 4.0 வரை மட்டுமே தெரியும் வானில் நான்குதான் எண்ண முடியும். அறுமீன் நான்மீன் ஆவது இலக்கணப் பிழையால் அன்று, ஹைமாஸ்ட் விளக்கால்.

பூசத்தின் கதை இன்னும் மோசம். கடக ராசியில் பூச நட்சத்திரமாகச் சுட்டப்படும் மூன்று விண்மீன்களில் மிகப் பொலிவானதே 3.9, மற்றவை 4.7, 5.3. எம்44 கொத்தின் விண்மீன்களில் ஒன்றுகூட 6.2ஐத் தாண்டிப் பொலியாது. அனைத்தும் சேர்ந்து ஒரு புகைத் திட்டாகவே இருண்ட வானில் தெரியும். அராட்டஸ் என்ற பண்டைய கிரேக்கக் கவிஞர் இந்தத் திட்டு மறைவதை மழைக்கு முன்னறிகுறியாகக் குறித்திருக்கிறார். இன்று கோவைப் புறநகரில் அது ஆண்டு முழுவதும் மறைந்தே இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனியில் கூடும் பெருங்கூட்டத்தில், பூசம் என்பது வானில் எங்கே உள்ளது என்று சுட்டிக் காட்டக்கூடியவர் எத்தனை பேர்? இதற்காக மக்களைக் குறை சொல்வது நேர்மை ஆகாது. தைப்பூசமும் திருக்கார்த்திகையும் முழுநிலவு நாட்களை ஒட்டி வருபவை. அதாவது அந்தந்தக் கொத்தின் அருகே முழுநிலவு வந்து அதை ஒளியில் மூழ்கடிக்கும் நாட்கள். மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் என்று தமிழர் புலம்பும் வெயில் நாட்களிலோ சூரியனே கார்த்திகையருகே நிற்கிறது. பாலக்காட்டு உழவர் சொல்லும் ஞாற்றுவேலையும் அத்தகையதே. ஞாயிறு எந்த நட்சத்திரத்தில் நிற்கிறதோ அதன் பெயரால் அந்தப் பதின்மூன்று, பதினான்கு நாட்கள் அறியப்படும். திருவாதிரை ஞாற்றுவேலை மிளகுக் கொடி நடும் காலம். ஆக, இந்தப் பண்பாடு விண்மீன்களைப் பார்க்க முடியாத நாட்களிலேயே அவற்றைப் பெரிதும் பெயர் சொல்லி அழைத்து வந்துள்ளது. மற்ற இரவுகளில் அவை இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது சாத்தியமாயிற்று. அந்த மற்ற இரவுகளே இப்போது கைநழுவுகின்றன.

எவ்வாறு கைநழுவுகின்றன என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. சோடியம் விளக்குகளின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியில், 589 நானோமீட்டரை ஒட்டிக் குவிந்திருந்தது. அந்தப் பட்டையை மட்டும் வெட்டும் வடிகட்டியை லென்ஸின் முன் பொருத்தினால் வானம் ஓரளவு மீண்டது. 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் எல்இடியாக மாற்றப்பட்டன. கேரளத்தில் உள்ளாட்சிகளின் தெருவிளக்குகளை மாற்றும் திட்டத்துக்கு ‘நிலாவு’ என்று பெயர். மின்சாரம் மிச்சம், பராமரிப்புச் செலவு குறைவு. இதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் வெள்ளை எல்இடியின் ஒளி 450 நானோமீட்டரை ஒட்டி நீல முகடு ஒன்றையும், அதன் பின் பச்சை முதல் சிவப்பு வரை அகன்ற பரப்பையும் கொண்டது. விண்மீனின் ஒளியும் அகன்ற பரப்பே. எந்த வடிகட்டியாலும் ஒன்றை விட்டு மற்றொன்றை வெட்ட முடியாது. கார்த்திகையின் தூசு மேகம் பொலியும் அதே நீலத்தில்தான் எல்இடியின் முகடும் இருக்கிறது. மாதந்தோறும் பதினைந்து நாள் தேய்ந்து மறைவதே உண்மையான நிலவின் சிறப்பு. பெயர் வைத்தவர்கள் அந்தப் பாதியைக் கருத்தில் கொள்ளவில்லை.

இந்த மாற்றத்தைச் செயற்கைக்கோள்கள் சரியாகக் காண்பதில்லை என்பதுதான் சிக்கல். இரவு ஒளியை அளக்கப் பெரிதும் பயன்படும் விர்ஸ் கருவி 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீல ஒளியை உணராது. சோடியத்திலிருந்து எல்இடிக்கு மாறிய ஊர், மேலிருந்து பார்க்கையில் இருண்டுவிட்டது போலவே தோன்றக்கூடும். 2023 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் கிறிஸ்டோபர் கைபாவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை வெறும் கண்ணால் எண்ணி அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு, வானத்தின் பொலிவு ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியிருப்பதாகக் கண்டது. அந்த வேகத்தில் எட்டு ஆண்டுகளுக்குள் இரட்டிப்பாகிவிடும். ஆனால் அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. வாளையாற்றுக்கும் போடிமெட்டுக்கும் இடைப்பட்ட வானம் அந்தக் கணக்கில் இடம் பெற்றிருந்தால் அது மிக அரிதாகவே இருக்கும்.

கொத்துகளைப் படம் எடுப்போர் வேண்டப்படுவது இங்கேதான். சாதாரண டிஎஸ்எல்ஆர் நீலத்தைத் தனி வண்ணமாகவே பதிவு செய்கிறது. செயற்கைக்கோள் தவறவிடுவதை அது பிடிக்கிறது. அதிலும் கொத்தின் படத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. அந்தச் சட்டகத்துக்குள் பொலிவெண் துல்லியமாக அளக்கப்பட்ட விண்மீன்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எம்67உம் கார்த்திகையும் தொழில்முறை வானியலாளர்களே தம் கருவிகளைச் சரிபார்க்கப் பயன்படுத்துபவை. விண்மீன் ஒன்றின் எண்ணிக்கை இவ்வளவு என்றால், விண்மீன் இல்லாத பக்கத்துப் படப்புள்ளியின் எண்ணிக்கை இவ்வளவு என்றால், வானத்தின் பொலிவு எவ்வளவு என்பது பள்ளிக் கணக்கு. அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே படத்தில் வந்துவிடுகின்றன. இதற்குப் படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, டிராக்கர்கூட வேண்டியதில்லை. 50 மி.மீ. லென்ஸில் மூன்று, நான்கு விநாடிப் பதிவே போதும். கோப்பு ‘ரா’ வடிவில் இருக்க வேண்டும். இடம், நாள், நேரம், லென்ஸின் திறப்பு, பதிவு நேரம் ஆகியன குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நிலவில்லா இரவாக இருக்க வேண்டும். துடைப்பதற்கு முன் எடுத்த படி என்பது அவ்வளவே.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். லென்ஸின் மூலைகளில் ஒளி குறைவதையும், உணரியின் மேல் உள்ள தூசுப் புள்ளியையும் திருத்துவது முறையே. அவை கருவியின் குறைகள். சட்டகத்தின் வடமூலை தென்மூலையைவிட வெளிறியிருப்பது கருவியின் குறை அன்று, அது கோயம்புத்தூர். இரண்டையும் ஒரே மென்பொருள் ஒரே சொடுக்கில் நீக்குவதால் இரண்டும் ஒன்றாகிவிடா. மொழியியலில் களப்பணி செய்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. ஒலிப்பதிவில் மின்விசிறியின் இரைச்சலை நீக்கலாம். சித்தூர் வட்டத்துத் தமிழர் ஒருவரின் பேச்சில் மலையாளச் சொல்லும் மலையாள வினைமுடிபும் கலந்து வருகையில் அதைப் ‘பிழை’ என்று திருத்திச் செந்தமிழாக எழுதிக்கொள்வது வேறு. அப்படித் திருத்தி எழுதப்பட்ட குறிப்பேட்டில் எல்லைப்புறம் இராது. தஞ்சாவூரிலிருந்து எழுதியதா, தத்தமங்கலத்திலிருந்து எழுதியதா என்று சொல்ல முடியாது. 1956 நவம்பர் 1 அன்று வரைபடத்தில் கோடு விழுந்தது. பேச்சு அந்தக் கோட்டில் நிற்கவில்லை, படிப்படியாகச் சாய்கிறது. வானொளியும் அவ்வாறே சாய்கிறது. சாய்வை நீக்கியபின் மிஞ்சுவது எங்கும் எடுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு படம்.

அளவு இல்லாத பொருளைப் பற்றி இரு மாநிலங்கள் பேச முடியாது. இந்த எல்லையில் நீருக்கு அளவு உண்டு: 1970இன் பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி, மணக்கடவு அணையில் அளக்கப்படுகிறது. முல்லைப் பெரியாற்றில் அடிக்கணக்கு அன்றாடச் செய்தி. ஒளியும் எல்லையைக் கடக்கிறது, ஆனால் அதற்கு மணக்கடவு இல்லை. சட்டத்திலும் இடம் இல்லை. 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் மாசுப்பொருள் என்பதைத் திட, திரவ, வாயுப் பொருள் என்றே வரையறுக்கிறது; ஒளி இம்மூன்றில் எதுவும் அன்று. ஒலியும் ஒரு காலத்தில் இப்படி வெளியே நின்றதுதான். 1987இல் காற்று மாசுச் சட்டத்தைத் திருத்தி அதை உள்ளே கொண்டுவந்தார்கள். 2000இல் ஒலி மாசுக்குத் தனி விதிகள் வந்தன. அந்த விதிகள் டெசிபல் என்ற அளவின் மேல் எழுதப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மறுதரப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. சின்னக்கானலில் 2023 ஏப்ரல் இறுதியில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் ஒரு மாதத்துக்குள் எல்லை தாண்டிக் கம்பம் நகருக்குள் நடந்தது. யானை வரும் வழியில் லயத்து வீடுகளில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு வாசல் விளக்கு ஆடம்பரம் அன்று. விடியற்காலை கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணிடம் போய், கார்த்திகையின் ஆறாவது விண்மீனுக்காக விளக்கை அணை என்று சொல்பவர் எவராயினும் அவருக்கு வானியல் தெரியலாம், ஊர் தெரியாது. கோரிக்கை அதுவன்று. மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் சிதறும் ஒளி அந்தப் பெண்ணின் பாதையில் விழுவதில்லை. கண்ணில் நேரே அடிக்கும் உயர்கம்ப விளக்கு, அதன் வட்டத்துக்கு அப்பால் நிற்கும் யானையை இன்னும் மறைக்கவே செய்யும். கீழ்நோக்கி மட்டும் ஒளி விழுமாறு மேல்மூடி, நீலம் குறைந்த மஞ்சள் சாயல், ஆளரவமற்ற பின்னிரவில் ஒளிக்குறைப்பு ஆகிய மூன்றும் தெருவுக்கு நல்லவை. வானுக்கும் நல்லவை என்பது கூடுதல்.

இருள் பூங்கா என்ற தீர்வு பற்றி இப்போது ஆர்வம் மிகுந்துள்ளது. லடாக்கின் ஹன்லேயில் 2022இல் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2024இல் பெஞ்ச் புலிகள் காப்பகம் அந்த ஏற்பைப் பெற்றது. நல்ல முயற்சிகளே. ஆயினும் இடுக்கிக்கு அதை அப்படியே கொண்டுவருவதில் ஐயம் எழுகிறது. மலையில் ஒரு முகட்டை இருளுக்கென்று ஒதுக்கிவிட்டால், அதைக் காண வருவோருக்கு விடுதி, விடுதிக்கு வாகனம் நிறுத்துமிடம், அதற்கு ஒரு உயர்கம்ப விளக்கு என்ற வரிசை மலைப்பாதைகளில் ஏற்கெனவே பார்த்ததுதான். அதைவிட, ஊர் விளிம்பிலிருந்தே எடுக்கப்படும் ஆயிரம் சாம்பல் படங்கள் பயனுள்ளவை. பாலக்காடு, தேனி, கோவை, இடுக்கிக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளில் ஒரு டிஎஸ்எல்ஆர் இருந்தால் போதும். இளநிலை மாணவரின் செயல்திட்டத்துக்கு இதைவிட மலிவான, இதைவிட உடனடியான தலைப்பும் கிடைக்காது. ஒரே இடம், ஒரே லென்ஸ், ஒரே கொத்து, மாதம் ஒரு முறை அமாவாசையில். மூன்றாண்டுப் படிப்பு முடியும்போது ஒரு வரைகோடு கையில் இருக்கும். துறை அதைத் தூக்கிப் போடாமல் அடுத்த தொகுதியிடம் கொடுத்தால் பத்தாண்டுக் கோடு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் போன்ற, 1962 முதல் இயங்கிவரும் அறிவியல் இயக்கங்களுக்கும் இதில் வேலை உண்டு. எல்லையின் இரு பக்கத்துக் கோப்புகளையும் ஒரே இடத்தில் வைக்கத் தமிழும் மலையாளமும் தெரிந்தவர்கள் தேவைப்படுவார்கள். சித்தூரிலும் தேவிகுளத்திலும் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை.

தொடங்குவதற்கு மார்கழி அமாவாசை ஏற்றது. அன்று இரவு உச்சத்தில் இருக்கும்போது கார்த்திகை இப்பகுதியில் 76 பாகை உயரத்தில், ஏறத்தாழத் தலைக்கு மேலே நிற்கும். காற்றின் தடிமன் மிகக் குறைவாகவும் ஊரொளி ஒப்பளவில் மெலிந்தும் இருக்கும் திசை அது. கேமராவைத் திறக்கும் முன் வெறும் கண்ணால் எத்தனை மீன் தெரிகிறது என்று எண்ணி, அந்த எண்ணையும் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதி வைக்கலாம்.